டெக்லுடெக் இன்சுலினுக்கு மாறுவோர் கவனத்திற்கு

உணவு உண்ணாத வேளைகளிலும் கல்லீரல் இரத்தத்தில் சர்க்கரையைச் சேர்த்துக்கொண்டே இருப்பதால், அதனைக் கட்டுக்குள் வைக்க நாள் முழுவதும் சிறிதளவேனும் இன்சுலின் தேவைப்படுகிறது. இத்தேவையை நிறைவுசெய்யும் மருந்தே நீள்நேர இன்சுலின் எனப்படும். பால்போல் கலங்கிய என்.பி.எச். இன்சுலினை நாளுக்கு இருமுறை போட்டுப் பழகி, பின்னர் டெக்லுடெக் என்னும் தெளிந்த திரவத்துக்கு மாறுவோர் பெரும்பாலும் தடுமாறுவது, அதன் விளைவை எந்த நாளில் மதிப்பிடுவது என்பதில்தான்.

என்.பி.எச். சில மணி நேரத்தில் உச்சத்தைத் தொட்டு ஒரு நாளுக்குள் ஓய்ந்துவிடுவதால், நேற்றைய அளவு சரியா என்பதை இன்று காலை வெறும் வயிற்றுச் சர்க்கரையைக் கொண்டே கணிக்க முடிந்தது. டெக்லுடெக்கின் மூலக்கூறுகளோ தோலுக்கடியில் நீண்ட சங்கிலிகளாகக் கோத்துக்கொண்டு, பின்னர் சிறிது சிறிதாகக் கழன்று இரத்தத்தில் கலக்கின்றன. அதன் அரைவாழ்வுக் காலம், அதாவது மருந்தின் அளவு பாதியாகக் குறையும் நேரம், ஏறத்தாழ 25 மணி. செயல்பாடு 42 மணி நேரத்தையும் தாண்டும். ஆகவே முதல்நாள் ஊசியின் மிச்சத்தோடு மறுநாள் ஊசியும் சேர்ந்து, 3 அல்லது 4 நாள்களில்தான் வரவும் செலவும் சமமாகின்றன. முதலிரு காலைகளில் சர்க்கரை உயர்ந்திருப்பதைக் கண்டு பதறி யூனிட்டுகளைக் கூட்டுவோர், அதே வார இறுதியில் தாழ்சர்க்கரைக்கு உள்ளாகக்கூடும். 3, 4 நாள்கள் கழியாமல் அளவை மாற்றவேண்டாம் என்று மருத்துவர்கள் கூறுவது இதனாலேயே. படுக்கப்போகும் முன்னர் எடுத்த சர்க்கரை அளவையும் குறித்துவைத்தல் நன்று. இரவு 210, காலை 200 என்றிருப்பின், குறையை முதலில் இரவு உணவிலோ அதற்கான மருந்திலோ தேடவேண்டும்.

உச்சமில்லாத இன்சுலின் என்று டெக்லுடெக் புகழப்படுவதற்கு மற்றொரு பக்கமும் உண்டு. காலையில் போட்ட என்.பி.எச்.-இன் உச்சம் மதிய உணவுக்கும் ஓரளவு துணைநின்றது. அந்தத் துணை நீங்கியதும் மதியச் சர்க்கரை ஏறுகையில், பழி புதிய மருந்தின்மேல் விழுகிறது.

இந்தியாவில் பழைய வகை இன்சுலின் குப்பிகள் பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 40 யூனிட் கொண்டவை. டெக்லுடெக் பேனாவிலோ மில்லிலிட்டருக்கு 100 யூனிட் இருக்கும். பேனா பழுதாயிற்று என்று அதிலிருந்து 40 யூனிட் மருந்துக்கான பழைய சிவப்பு மூடி சிரிஞ்சால் உறிஞ்சிப் போட்டால், அளவு இரண்டரை மடங்காகிவிடும் என்பதால், அதனை எந்நிலையிலும் செய்தலாகாது. ஆண்டுக்கணக்காக ஒரே இடத்தில் குத்தித் தடித்துப்போன பகுதியை விட்டுப் புதிய இடத்துக்கு மாறினாலும் மருந்து கூடுதலாக உறிஞ்சப்படலாம். இடமாற்றத்தை மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவித்தல் வேண்டும்.

சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் 15 கிராம் குளுக்கோஸ் உண்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிப்பது எல்லா வகைக்கும் பொது; நீள்நேர மருந்து உடலில் தங்கியிருப்பதால் அடுத்த சில மணி நேரமும் கண்காணிப்புத் தேவை. வயதுவந்தோர் ஒருவேளை ஊசியைத் தவறவிட்டால், நினைவுக்கு வந்ததும் அன்றைய அளவைப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அதற்கும் அடுத்த ஊசிக்கும் இடையே 8 மணி நேரமேனும் இருத்தல் வேண்டும்.