இடுப்பு மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு வேலைக்கு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் என்றால் குளியலறையில் வழுக்கி விழுந்த பாட்டிதான் நம் நினைவுக்கு வருகிறார். ஆனால் நம் ஊரில் இதற்கு வருகிறவர்களில் முப்பது, நாற்பது வயதுக்காரர்களும் உண்டு. தொடை எலும்பின் பந்துமுனைக்கு ரத்த ஓட்டம் குறைந்து அது நசித்துப்போவதை ஏ.வி.என். என்பார்கள். ஸ்டீராய்டு மருந்தும் மிதமிஞ்சிய குடியும் அதற்கு முக்கியக் காரணங்கள். இந்த வயதில் வலிக்கு அடுத்த கவலை சம்பளம்தான். அங்கேதான் ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்லிக் குழப்புகிறார்கள்.

“மூணு மாசம் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது.”

இதைக் கேட்டு நடப்பது ஆபத்து. ஆபரேஷன் நடந்த அன்றோ மறுநாளோ வாக்கரைப் பிடித்து நடக்க வைத்துவிடுகிறார்கள். அசையாமல் படுத்திருந்தால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே உலை. வீட்டுக்கு வந்த பிறகும் சில வாரங்கள் ரத்தம் உறையாமலிருக்க மருந்து தருவது அதனால்தான்.

“ஆறு வாரம் ஆச்சுன்னா யாரும் வேலைக்குப் போகலாம்.”

மேஜை வேலைக்காரருக்கு இந்தக் கணக்கு ஏறக்குறைய சரி. மூட்டை தூக்குகிறவர், கட்டட வேலைக்குப் போகிறவர், நாளெல்லாம் நிற்கிறவர் என்றால் மூன்று மாதமோ அதற்கு மேலுமோ ஆகும். மூட்டு நழுவும் அபாயம் அதிகம் இருப்பதும் முதல் மூன்று மாதங்களில்தான். பின்பக்கமாகத் திறந்து செய்த ஆபரேஷன் என்றால், இடுப்பு 90 டிகிரிக்கு மேல் மடங்கக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது என்று ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வரை கட்டுப்பாடு விதிப்பார்கள். முன்பக்கமாகச் செய்திருந்தால் கெடுபிடி குறைவு. உங்களுக்கு எந்தப் பக்கம் என்று டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த 90 டிகிரியை வைத்துக்கொண்டு அலுவலகத்தை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் முட்டி இடுப்பைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். மேனேஜர் அறையில் ஆளை உள்ளே இழுக்கும் சோஃபா ஆகாது. மேஜையின் அடி டிராயரில் இருக்கும் ஃபைலைக் குனிந்து எடுப்பதும் ஆகாது. அடிக்கடி தேவைப்படும் ஃபைல்களை மேலே மாற்றிவிடலாம். கழிப்பறை? குந்தி உட்காரும் டாய்லெட் மட்டும் இருக்கிற இடத்தில், மூட்டு தயாரானாலும் ஆள் வேலைக்கு வர முடியாது. இதை லீவு லெட்டரில் யாரும் எழுதுவதில்லை.

அப்புறம் டவுன் பஸ். ஏறும்போது நல்ல கால் முதலில்; இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். கைத்தடி எப்போதும் எதிர்ப்பக்கக் கையில். கூட்ட நேரத்தில் கண்டக்டர் இதற்கெல்லாம் காத்திருப்பாரா என்றால், மாட்டார். கொஞ்ச நாளைக்கு ஆட்டோவுக்குக் காசு எடுத்துவைக்க வேண்டியதுதான்.

“லீவு கேட்டா சம்பளம் சுத்தமா போயிடும்.”

இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்களுக்கு அப்படியில்லை. தேவையான நாட்களுக்குச் சந்தா கட்டியிருந்தால், மருத்துவச் சான்றின் பேரில் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். ஜவுளிக்கடை, நகைக்கடை ஊழியர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டம் 2021இல் திருத்தப்பட்டது. ஆனால் பேருக்கு ஒரு குட்டை ஸ்டூலைப் போட்டால் இந்த இடுப்புக்கு உதவாது, உயரமானதாகக் கேளுங்கள்.

“செயற்கை மூட்டு பத்து வருஷம்தான் வரும், வேலையை விட்டுடு.”

இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி 1962இல் நவீன இடுப்பு மூட்டுக்கு வழிகாட்டியதிலிருந்து பொருளும் முறையும் எவ்வளவோ மாறிவிட்டன. 2019இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு, 25 ஆண்டுக்குப் பிறகும் சுமார் 58 சதவீத மூட்டுகள் தாக்குப்பிடிக்கின்றன என்றது. இளவயதில் மாற்றிக்கொண்டவருக்கு மறு ஆபரேஷன் தேவைப்படும் வாய்ப்பு கூடுதல்தான். அதற்காக நாற்பது வயதில் வேலையை விட்டு வீட்டில் உட்காரச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

எதிர்முனையில், “ஆண்டி மர்ரி டென்னிஸே ஆடினாரே” என்பவர்களும் இருக்கிறார்கள். 2019 ஜனவரியில் ஆபரேஷன், அக்டோபரில் ஆன்ட்வெர்ப்பில் கோப்பை, உண்மைதான். ஆனால் அவருக்குச் செய்தது மூட்டின் மேற்பரப்பை மட்டும் மாற்றும் வேறு ஆபரேஷன்.

வேலைக்குத் திரும்பும் முன் டாக்டரிடம் வெறும் ஃபிட்னஸ் சர்டிஃபிகேட் வாங்கிக்கொண்டு வராதீர்கள். உயரமான நாற்காலி, மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்க அனுமதி, குனிந்து தூக்கும் வேலை எத்தனை வாரத்துக்குக் கூடாது என்பதையும் அதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.