கொலைவாளுக்குப் பச்சை

மட்டாஞ்சேரி, கொச்சி

அன்புள்ள பாப்பாவுக்கு,

பென்குவின் பதிப்பகத்தின் பழைய பாணியில் 'பொன்னியின் செல்வ'னுக்கு நீ வரைந்த அட்டை வந்தது. மேலும் கீழும் ஆரஞ்சுப் பட்டை, நடுவே வெள்ளையில் தலைப்பு, பறவை இருக்க வேண்டிய இடத்தில் சோழர் புலி! பார்த்த எல்லோரும் சிரித்தார்கள். மூலத்தை அடையாளம் கண்ட சிரிப்பு அது.

அந்த மூலத்துக்கும் ஒரு மூலம் உண்டு. 1935இல் லண்டனில் ஆலன் லேன் ஆறு பென்ஸ் விலையில் நூல்களைக் கொண்டுவந்தபோது, எட்வர்ட் யங் என்ற இளைஞர் விலங்குக்காட்சி சாலைக்குப் போய் பென்குவினை வரைந்துவந்தார். ஆனால் பறவைப் பெயர், வகைக்கொரு நிறம், 181 × 111 மில்லிமீட்டர் அளவு என எல்லாமே ஜெர்மனியின் அல்பட்ராஸ் பதிப்பகத்தில் 1932லேயே இருந்தவை. ஆகவே சாயல் பிடிப்பதில் கூச்சம் வேண்டாம்; அளந்து பிடி.

நிறத்தைக் கவனி. ஆரஞ்சு என்றால் புனைகதை, பச்சை என்றால் குற்றக்கதை, கருநீலம் என்றால் வாழ்க்கை வரலாறு. நாவலின் மூன்றாம் பாகத்தின் பெயர் 'கொலைவாள்'. அதற்கு மட்டும் பச்சை பூசிப் பார். விவரம் தெரிந்த வாசகர் கடையிலேயே நின்றுவிடுவார்.

எழுத்தில்தான் சறுக்கியிருக்கிறாய். 1947இல் பென்குவினுக்கு வந்த யான் சிகோல்ட், ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்கு நடுவே சீரான இடைவெளி விடச் சொன்னார். அதை நீ அப்படியே தமிழுக்குப் போட்டதால் 'பொ'வின் கொம்பும் காலும் ஆளுக்கொரு பக்கம் விலகிப்போயின. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் ஒரே உயரத்தில் நிற்பவை; நம் எழுத்துக்கு மேலே புள்ளியும் சுழியும் உண்டு. இடைவெளியைக் குறைத்து, வெள்ளைப் பட்டையைச் சற்று உயர்த்து. இங்கே அளவு மாறினால்தான் சாயல் நிற்கும்.

இங்கே யூதத் தெருவின் முனையில், 1568இல் கட்டிய பரதேசி யூத ஆலயம் இருக்கிறது. அதன் தரையில் 18ஆம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து வந்த பீங்கான் ஓடுகள். எல்லாம் ஒரே அளவு, ஒரே நீலம். ஆனால் கையால் வரைந்தவை என்பதால் ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை என்பார்கள். நூல்வரிசைக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. நீ ஒரே ஒரு அட்டைதான் வரைந்திருக்கிறாய், கல்கி எழுதியதோ ஐந்து பாகம். மற்றவற்றையும் வரைந்து, ஐந்தையும் தரையில் பரப்பிப் படமெடுத்து அனுப்பு.

அன்புடன்,
மாமா