வயரை முதலில் பார், தம்பி

குமுளியிலோ கொழிஞ்சாம்பாறையிலோ ஒர்க்‌ஷாப்பில் கை பழகிவரும் இளம் ஆட்டோ எலக்ட்ரீஷியன் தம்பிக்கு,

போடியிலிருந்து 17 கொண்டையூசி வளைவுகள் ஏறி போடிமெட்டுக்கு வரும் பழைய ஜீப்பை நீ பார்த்திருப்பாய். பனி மூடிய இரவு. வளைவில் எதிரே வரும் பஸ்ஸுக்கு வழிவிட்டு ஜீப் நிற்கிறது. இன்ஜின் வேகம் இறங்கியதும் ஹெட்லைட் மஞ்சளாகிறது, வைப்பர் சோர்கிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால்தான் மறுபடி உயிர் வருகிறது.

அது டைனமோவின் பிறவிக் குணம். அந்தக் கால ஆங்கில வண்டிகளில் பரவலாக இருந்த லூகாஸ் சி40 டைனமோ நல்ல வேகத்தில் ஓடும்போது தருவதே 22 ஆம்பியர்தான். ஐடிலில் அதனால் ஏறக்குறைய எதுவும் தர முடியாது. டயோடுகள் மலிவான பிறகு, 1960-இல் அமெரிக்காவின் கிரைஸ்லர் தன் வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டரைப் பொருத்தியது. மெதுவாகச் சுற்றினாலும் சார்ஜ் தருவதால் அதுவே உலகெங்கும் நிலைத்தது. அம்பாசடரோ ஃபியட்டோ வைத்திருப்பவர் ‘ஆல்டர்னேட்டர் போட்டுக்கொடு’ என்று உன்னிடம் வருவதும் இதனால்தான்.

பொருத்துவது அரை நாள் வேலை. அதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

பழைய வயரிங்கில் சார்ஜ் கரன்ட் நேராக பேட்டரிக்குப் போவதில்லை. டேஷ்போர்டு வரை போய், ஆம்பியர் மீட்டருக்குள் நுழைந்து, திரும்பி வருகிறது. அந்தச் சுற்று 4 மீட்டர், வயர் 2.5 சதுர மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள். அதில் ஆல்டர்னேட்டரின் 35 ஆம்பியர் ஓடினால் ஏறக்குறைய ஒரு வோல்ட் வழியிலேயே தொலைகிறது. ஏறக்குறைய 35 வாட்ஸ் சூடாகிறது. உன் மேஜையில் இருக்கும் சால்டரிங் அயர்னின் சூடு அது. பாலக்காட்டு வெயிலில் ஏற்கெனவே வெடித்துப்போன ரப்பர் உறை, இடுக்கி மழையில் பச்சைக் களிம்பு பூத்த லக் என்றிருந்தால் அந்தச் சூடு ஒரே இடத்தில் குவிந்து தீப்பிடிக்கும்.

ஆகவே ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு 10 சதுர மில்லிமீட்டர் வயரை நேராக இழு. ஒன்றரை மீட்டரில் அதே 35 ஆம்பியருக்கு பத்தில் ஒரு வோல்ட்கூட இழப்பு வராது. 50 ஆம்பியர் ஃபியூஸை பேட்டரி ஓரமாகவே வை; வயர் எங்காவது பாடியில் உரசினால் தீ வைக்கப்போவது பேட்டரிதான். ஆம்பியர் மீட்டரைக் கழற்றி, அதன் இரு வயர்களையும் ஒன்றாக இறுக்கிவிட்டு, அந்த இடத்தில் வோல்ட் மீட்டர் பொருத்து. மலைப்பாதை அதிர்வில், ஈயம் ஊறி விறைத்த வயர் ஓரத்தில் ஒடிந்துவிடும். அதனால் லக்கை சால்டர் செய்யாமல் நல்ல கிரிம்பிங் டூலால் அழுத்தி ஸ்லீவ் போடு.

எர்த்தை மறந்துவிடாதே. இன்ஜின் ரப்பர் புஷ்ஷின்மேல் உட்கார்ந்திருக்கிறது. பட்டை எர்த் அற்றுப்போனால் செல்ஃப் அடிக்கும்போது கரன்ட் சோக் கேபிள் வழியாகத் திரும்பி அதைச் சுட வைக்கும். கேபிள் கருகியிருந்தால் கேபிளை மாற்றி அனுப்பாதே, எர்த்தைத் தேடு.

டைனமோ காலத்துப் பழக்கம் ஒன்றையும் விட்டுவிடு. இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி சார்ஜ் பார்ப்பது ஆல்டர்னேட்டரின் டயோடுகளைக் கொன்றுவிடும். வண்டி பாசிட்டிவ் எர்த்தா என்று முதலிலேயே பார்த்துக்கொள். சார்ஜிங் லைட் பல்பு எரிகிறதா என்றும் பார். பல ஆல்டர்னேட்டர்கள் விழித்தெழுவதே அந்தச் சிறு பல்பு வழியே வரும் கரன்டில்தான்.

கழற்றிய டைனமோவையும் கட்-அவுட்டையும் துடைத்துக் கட்டி உரிமையாளரிடமே கொடு. 2021 ஜூலையில் வந்த மத்திய அரசின் விதி, 50 ஆண்டு கடந்து பழைய வடிவிலேயே இருக்கும் கார்களை விண்டேஜ் என்று தனியாகப் பதிவு செய்ய இடம் தருகிறது. பழையதைத் திரும்பப் பொருத்த முடியாதபடி எதையும் வெட்டாதே.

வண்டியை ஒப்படைக்கும் முன் ஹெட்லைட், வைப்பர் எல்லாம் போட்டு, இன்ஜினைக் கொஞ்சம் முடுக்கி, மல்டிமீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் பாசிட்டிவிலும் மறுமுனையை பேட்டரி பாசிட்டிவிலும் வை. 0.3 வோல்ட்டுக்குமேல் காட்டினால் ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுப் பார். சுடுகிற இடத்தில் இன்னும் வேலை இருக்கிறது. சரியானதும் புது வயரின் அளவு, நிறம், ஃபியூஸ் இருக்கும் இடம் மூன்றையும் ஒரு தாளில் வரைந்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு வண்டிக்குள் வை. அடுத்து பானெட்டைத் திறக்கப்போகிறவர் உன்னை அறியாத இன்னொரு எலக்ட்ரீஷியனாக இருக்கலாம்.