குன்றின் உயரம் சொல்லும் புட்டி

விடுமுறை நாளில் உங்கள் வீட்டார் பக்கத்து ஊருக்கோ, மலைக் கோயிலுக்கோ உங்களை அழைத்துச் செல்வார்கள் அல்லவா? அப்போது கட்டுச்சோற்று மூட்டையுடன் ஒரு கண்ணாடிப் புட்டியையும் எடுத்துச் செல்லுங்கள். சரியாகச் செய்த புட்டி நீங்கள் ஏறிய உயரத்தைச் சொல்லும். சரியாகச் செய்யாத புட்டி என்ன சொல்லும் என்பதும் எனக்குத் தெரியும். முதலில் நான் செய்தது அப்படிப்பட்டதுதான்.

ஒரு லிட்டர் கண்ணாடிப் புட்டியில் கால் பாகம் தண்ணீர் விட்டு, சில சொட்டு நீல மை கலந்துகொள்ளுங்கள். பிளாஸ்டிக் புட்டி அமுங்கும், அது வேண்டாம். ரப்பர் தக்கையில் துளையிட்டு, குளுக்கோஸ் ஏற்றும் மெல்லிய குழாயை அதில் நுழையுங்கள். மருந்துக் கடையில் புதிதாக வாங்கிய குழாயாக இருக்கட்டும். அதன் அடிமுனை தண்ணீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும். மேல்பகுதியை ஓர் அடிக்கோலோடு சேர்த்துக் கட்டுங்கள். தக்கையைச் சுற்றி மெழுகு ஊற்றி அடைத்துவிட்டு, குழாயில் மெல்ல ஊதுங்கள். வாயை எடுத்ததும் நீல நீர் குழாயில் ஏறி நிற்கும்.

இப்போது புட்டிக்குள் கொஞ்சம் காற்று சிறைப்பட்டிருக்கிறது. நீங்கள் மேலே ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறையும். சிறைப்பட்ட காற்று நீரை மேலே தள்ளும். எவ்வளவு தள்ளும்? நம் தருமபுரிப் பக்கத்து மேட்டு நிலத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் நிறை சுமார் 1.1 கிலோகிராம், அதே கன அளவு நீரின் நிறை 1,000 கிலோகிராம். அதாவது நீர் காற்றைப் போல ஏறத்தாழ 900 மடங்கு அடர்த்தியானது. ஆகவே 900 சென்டிமீட்டர் காற்றும் 1 சென்டிமீட்டர் நீரும் தராசில் சமம். 9 மீட்டர் ஏறினால் நீர் 1 சென்டிமீட்டர் ஏறவேண்டும்.

மாரண்டஹள்ளியைச் சுற்றிக் கரடுகளுக்குக் குறைவில்லை. அவற்றில் ஒன்றின் உச்சியில் சிறு கோயிலும் அதற்குப் படிகளும் உண்டு. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகள், கரட்டின் உயரத்தைத் திங்கட்கிழமை வந்து சொல்வதாக வகுப்பில் அறிவித்துவிட்டாள். ஞாயிறு காலை புறப்பட்டோம். அடிவாரத்தில் வெயிலில் நின்று செருப்பைக் கழற்றுவதற்குள் நீர் விறுவிறு என்று ஏறி, குழாய் முனையைத் தாண்டி அவள் பாவாடையில் கொட்டியது. துடைத்து, மறுபடி ஊதி, ஏறினோம். உச்சியில் மர நிழலில் சிலுசிலுவென்று காற்று. புட்டியைப் பார்த்தால் நீர் கீழே இறங்கியிருந்தது! நாங்கள் ஏதோ பள்ளத்தில் இறங்கிவிட்டோம் என்றல்லவா அதற்குப் பொருள்? வகுப்பில் என்ன சொல்வாள்? வீடு திரும்பும் வரை அவள் என்னோடு பேசவில்லை. பௌதிகம் கற்பிக்கும் தகப்பனுக்கு இதைவிடத் தண்டனை வேண்டாம்.

குற்றம் புட்டியினுடையது அல்ல. அது உயரத்தோடு வெப்பத்தையும் சேர்த்து அளந்துவிட்டது. 27 டிகிரி செல்சியஸ் என்பது 300 கெல்வின். மூடிய காற்று ஒரு டிகிரி சூடானால் அதன் அழுத்தம் முந்நூற்றில் ஒரு பங்கு கூடும். நீரின் கணக்கில் அது சுமார் 3 சென்டிமீட்டர். அதோடு புட்டிக்குள் நீராவியின் அழுத்தமும் கூடி இன்னும் 2 சென்டிமீட்டர் சேர்க்கும். 5 சென்டிமீட்டர் என்றால் 45 மீட்டர் அல்லவா? ஒரே ஒரு டிகிரி சூடு, எங்கள் கரட்டை முழுதாக விழுங்கிவிடப் போதுமானது.

வழி சொன்னவர் என் மனைவி. "ஐஸ் பெட்டியில் வைத்தால் ஆகாதா?" என்றார். ஆகும்! நீரும் பனிக்கட்டியும் கலந்திருக்கும் வரை, வெயில் அடித்தாலும் நிழல் விழுந்தாலும் கலவை 0 டிகிரியிலேயே நிற்கும். வருகிற வெப்பமெல்லாம் பனிக்கட்டியை உருக்குவதிலேயே செலவாகிவிடும். வாளியில் இக்கலவையை நிரப்பிக் கழுத்து வரை புட்டியை இறக்குங்கள். ஒரு மணி நேரம் குளிரவிட்டு, அதன் பிறகு ஊதுங்கள். முன்பே ஊதினால் உள்ளே காற்று குளிரும்போது நீர் குழாயை விட்டு இறங்கிவிடும். வாளியைச் சுற்றிச் சாக்கும் மரத்தூளும் கட்டினால் ஐஸ் நெடுநேரம் தாங்கும்.

இன்னொரு தந்திரத்தைப் பழைய வரலாற்றிலிருந்து எடுத்துக்கொண்டோம். மலை ஏறினால் காற்றழுத்தம் குறைகிறதா என்று அறிய விரும்பிய பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல், அந்த வேலையைத் தம் அக்காள் கணவர் பெரியேயிடம் ஒப்படைத்தார். 1648 செப்டம்பர் 19 அன்று பெரியே பாதரசக் குழாயுடன் பூய் த தோம் மலைமேல் ஏறினார். ஏறத்தாழ 1,000 மீட்டர் ஏற்றத்தில் பாதரசம் 8 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கியது. ஆனால் நான் மெச்சுவது அவர் கீழே விட்டுச் சென்ற இரண்டாவது குழாயை! ஒரு துறவி நாள் முழுவதும் அதன் பக்கத்திலிருந்து, அது மாறுகிறதா என்று கவனித்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டில் அந்தத் துறவியின் வேலை என் தாயாருக்கு. இரண்டாவது புட்டியும் ஒரு வாளி ஐஸும் கூடத்தில். கால் மணிக்கொரு முறை பார்த்து நாட்காட்டித் தாளின் பின்புறம் குறிக்க வேண்டும். நாங்கள் ஏறியது 10.30 மணியிலிருந்து 11.15 வரை. அந்த நேரத்தில் வீட்டுப் புட்டியிலும் நீர் 2 மில்லிமீட்டர் ஏறியிருந்தது. "யாரும் தொடவே இல்லை, தானாக ஏறுது. காத்து கருப்பு ஏதாவது இருக்குமோ?" என்று அம்மா கேட்டார். கருப்பு இல்லை, காத்துதான். நம் வெப்ப மண்டலத்தில் காற்றழுத்தம் காலை 10 மணிவாக்கில் உச்சத்திலும், மாலை 4 மணிவாக்கில் தாழ்விலும் இருக்கும். இரவிலும் இப்படி ஒரு ஏற்ற இறக்கம் உண்டு. சூரிய வெப்பம் வளிமண்டலத்தில் எழுப்பும் ஓதம் அது. ஐஸ் போட்டுக்கொண்டே 4 மணி வரை காத்திருந்தபோது அம்மாவின் புட்டி ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் காட்டியது. அதை நம்பினால் எங்கள் வீடே 25 மீட்டருக்கு மேல் எழும்பியிருக்க வேண்டும்!

கணக்குக்கு வருவோம். உச்சியில் எங்கள் நீர் 4.6 சென்டிமீட்டர் ஏறியிருந்தது. அம்மாவின் 0.2 போக 4.4. நீர் குழாயில் ஏறினால் புட்டிக்குள் காற்றுக்கு இடம் சற்றுக் கூடி, பாயில் விதிப்படி அதன் அழுத்தம் சற்றுத் தளரும். எங்கள் குழாயின் உள்விட்டம் 3 மில்லிமீட்டர், காற்றின் கன அளவு 750 கன சென்டிமீட்டர். அதற்குத் திருத்தம் நூற்றுக்கு 9. (பழரசம் உறிஞ்சும் அகலக் குழலை அரை லிட்டர் காற்றோடு பயன்படுத்திப் பாருங்கள், கால் பங்குக்கு மேல் குறைத்துக் காட்டும்!) ஆக 4.8 சென்டிமீட்டர், 9 ஆல் பெருக்க 43 மீட்டர்.

என் மகன் வேறு வழியில் போனான். படிகள் 241. பத்துப் படிகளை அளந்து எடுத்த சராசரி 17 சென்டிமீட்டர். பெருக்கினால் 41 மீட்டர். 2 மீட்டர் எங்கே போயிற்று? புட்டியில் 2 மில்லிமீட்டர் தவறாகப் படித்திருக்கலாம் என்கிறான் அவன். படி தொடங்குமுன் உள்ள சரிவான பாறையில்தான் வாளியை வைத்தோம், அதை நீ எண்ணவில்லை என்கிறாள் அவள். வகுப்பில் இரண்டு எண்களையும் கரும்பலகையில் எழுதிவிட்டு வந்திருக்கிறாள்.

அடுத்த விடுமுறைக்கு ரயிலில் இராயக்கோட்டை போவதாக ஏற்பாடு. தருமபுரியிலிருந்து ஓசூர் நோக்கிச் செல்லும் பாதை மேட்டில் ஏறுவது. மஞ்சள் நிறப் பெயர்ப் பலகைகளில் கடல் மட்டத்திலிருந்து நிலையத்தின் உயரம் எழுதியிருக்கும். மாரண்டஹள்ளிப் பலகைக்கும் இராயக்கோட்டைப் பலகைக்கும் உள்ள வித்தியாசத்தைப் புட்டியோடு ஒப்பிடலாம். குழாய் மட்டும் இன்னும் நீளமாக வேண்டும். அம்மா நாட்காட்டித் தாள்களைச் சேர்த்து வைக்கத் தொடங்கிவிட்டார்.