விலாங்கு: வாய்க்காலில் வாழும் ஆழ்கடற் பிறவி

கண்டிப் பகுதிக் கமக்காரர் வாய்க்கால் துப்புரவு செய்யுங்கால், சேற்றினின்று நீண்டு மெலிந்த உயிரொன்று வழுக்கி ஓடுவதைக் கண்டிருப்பர். பாம்பென்று எண்ணி அதை மண்வெட்டியால் வெட்டிவிடுவோரும் உளர். அது பெரும்பாலும் விலாங்கு என்னும் மீனாகும். சிங்களத்தில் ஆந்தா எனப்படும். இதனாற் பயிருக்குக் கேடில்லை.

உடலமைப்பு

பாம்புக்குச் செட்டை இல்லை, விலாங்குக்கு உண்டு. தலையின் பின்புறம், செவுள் துவாரத்தை அடுத்து, இருபுறமும் சிறு மார்புச் செட்டைகள் உள. முதுகுச் செட்டை, வாற்செட்டை, அடிச்செட்டை ஆகிய மூன்றும் ஒன்றாய் இணைந்து நாடாப்போல் உடலைச் சூழும். செதில்கள் மிக நுண்ணியவை; தோலினுள் புதைந்திருத்தலின் கண்ணுக்குப் புலப்படா. தடித்த கோழை உடலைப் போர்த்துள்ளது. ஈரமுள்ளவரை தோலாலும் சுவாசிக்க வல்லதாதலின், இரவில் ஈரப் புல்லின்மீது ஊர்ந்து நீர்நிலை மாறும்.

முதுகில் முட்கள் வரிசையாக நிற்பின் அது ஆரல், விலாங்கன்று. ஆரல் நன்னீரிலேயே பிறந்து வளர்வது.

வாழிடமும் உணவும்

இலங்கையில் இருவகை விலாங்குகள் உள. அவற்றுள் புள்ளிகளும் திட்டுகளும் உடைய வகை மலைநாட்டு ஓடைகள்வரை ஏறிவரும். நான்கடிக்கு மேலும் வளரும். பகலில் கல்லிடுக்கிலும் வேரிடுக்கிலும் பதுங்கி, இரவில் நண்டு, தவளை, புழு, சிறுமீன் ஆகியவற்றை இரையாகக் கொள்ளும். வரம்பைத் துளைக்கும் நண்டை உண்பதால் இது கமக்காரருக்குத் துணையுமாகும்.

பிறப்பிடம்

விலாங்கு ஆற்றில் ஒருபோதும் முட்டையிடுவதில்லை. பல்லாண்டு நன்னீரில் வளர்ந்தபின் அதன் கண்கள் பெருக்கின்றன, குடல் சுருங்குகின்றது, வயிறு வெள்ளிநிறம் அடைகின்றது. பின்னர் இரையை விடுத்துக் கடலை நாடிச் சென்று, கரைக்கு நெடுந்தொலைவில் முட்டையிட்டு மடிகின்றது. யப்பானிய விலாங்கின் முட்டைகள் 2009ஆம் ஆண்டில் பசிபிக் சமுத்திரத்தில், மரியானாத் தீவுகளுக்கு மேற்கே கிடைத்தன. குஞ்சு முதலில் கண்ணாடி இலைபோல் தட்டையாயிருக்கும். நீரோட்டத்தில் மிதந்து வந்து, கரையருகே உருண்டு திரண்டு ஆற்றில் ஏறும்.

ஆழ்கடலில் வாழும் நூல்போன்ற அலகு விலாங்கு இதற்கு உறவாகும். அதன் வாய் பறவையலகுபோல் நீண்டு, நுனியில் இருபுறமும் வளைந்து விரியும். மலவாய் தொண்டைக்கருகில் அமைந்துள்ளது. இவ்வுறவு 2010ஆம் ஆண்டில் வெளியான மரபணு ஆராய்ச்சியால் துணியப்பட்டது. நன்னீர் விலாங்கின் முன்னோர் ஆழ்கடலில் வாழ்ந்தவை என்பதும் அதனாற் பெறப்படும்.

வழித்தடை

மகாவலி கங்கை திருகோணமலைக்கருகே கடலை அடைகின்றது. இவ்வழியில் பொல்கொல்லை (1976), விக்டோரியா (1985), ரந்தெனிகல (1986), ரந்தம்பே (1990) ஆகிய அணைகள் எழுந்தன. நீர்ப்பாசனத்துக்கும் மின்சாரத்துக்கும் அவை இன்றியமையாதவை. ஆயினும் ஈரச்சுவரில் ஊர்ந்தேற வல்ல இளங்குஞ்சும், 122 மீற்றர் உயரமான விக்டோரியா அணையைக் கடத்தல் அரிது. இறங்கிச் செல்லும் முதிர்ந்த விலாங்கு மின்னாலைச் சுழலிகளிற் சிக்கி மாளவுங்கூடும். ஆகையால் அணைக்கு மேலுள்ள ஓடையிற் கொல்லப்படும் ஒன்றுக்கு ஈடாக இன்னொன்று எளிதில் வந்து சேராது. கடலை அடையுமுன் மடிவது சந்ததியின்றியே மடிகின்றது.

கமக்காரர் செய்யத்தக்கவை

1. செட்டையையும் செவுளையும் நோக்கி அறியுமுன் வெட்டற்க. ஐயம் நேரின் கையாற் பிடிக்காது விலகிச் செல்க.

2. மருந்து தெளிக்கும் கருவியை வாய்க்காலிலோ ஓடையிலோ கழுவற்க. எஞ்சிய மருந்தை நீரில் ஊற்றற்க. மரக்கறித் தோட்டக்காரர் இதனைச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும்.

3. மீன் பிடிக்க நஞ்சும் வெடியும் மின்சாரமும் பயன்படுத்தற்க.

4. ஓடையின் முழு அகலத்தையும் மறித்து வலை கட்டற்க.

5. சிறு அணைக்கட்டின் ஓரத்தில் கரடுமுரடான கற்களை அடுக்கி, அவற்றின்மேல் சிறிது நீர் எப்போதும் கசியவிடுக. குஞ்சுகள் அவ்வழியே ஏறும்.

6. விலாங்கின் பச்சை இரத்தம் நச்சுத்தன்மை உடையது. கண்ணிலும் புண்ணிலும் படலாகாது. நன்கு வேகவைத்தால் நச்சு நீங்கும்.

வளர்ப்புக் குளத்து மீனைப்போல் விலாங்கைக் குஞ்சு பொரிப்பித்து ஓடையில் விடுதல் எளிதன்று. கடலிலிருந்து ஏறிவந்ததைக் கடலுக்கு மீளவிடுதலே அவ்வினத்தைக் காக்கும் வழியாகும்.