கப்ரியோ நினைவிடம்: கடல் வற்றும் நாள் பார்த்துப் போங்கள்

கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரில், பசிபிக் கடலுக்கும் துறைமுகத்துக்கும் நடுவே தெற்கு நோக்கி நீண்டு கிடக்கிறது பாயிண்ட் லோமா முனை. அதன் உச்சியில் இருப்பது கப்ரியோ தேசிய நினைவிடம். ஸ்பெயினுக்காகக் கப்பலோட்டி வந்த ஹுவான் ரோட்ரிகஸ் கப்ரியோ, 1542 செப்டம்பர் 28 அன்று இந்தத் துறைமுகத்துக்குள் நுழைந்தார். இன்றைய அமெரிக்காவின் மேற்குக் கரையில் கால் வைத்த முதல் ஐரோப்பியக் குழு அவருடையது. வருகிறவர்களில் பலர் சிலையோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள். ஒரு முழு நாள் ஒதுக்க வேண்டிய இடம் இது.

முதல் வேலை, நாள் குறிப்பது. முனையின் மேற்குச் சரிவின் அடியில் பாறைக் குட்டைகள் இருக்கின்றன. கடல் நன்றாக வற்றினால்தான் அவை வெளியே தெரியும். இந்தக் கரையில் பெரிய வற்றம் கோடையில் விடியற்காலையில், நினைவிடத்தின் வாயில் திறப்பதற்கு முன்பே வந்து போய்விடும். குளிர்காலத்தில் பிற்பகலில் வரும். ஆகவே நவம்பர் முதல் பிப்ரவரி வரை, அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டி ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். வீட்டில் தினசரி நாட்காட்டி இருந்தால் பாதி வேலை முடிந்தது. மீதிக்கு சான் டியேகோவின் ஓத அட்டவணையைப் பாருங்கள். நீர்மட்டம் பூஜ்யத்தை ஒட்டியோ மைனஸிலோ இருக்கும் நாள் நல்ல நாள்.

காலை 9 மணிக்கு வாயில் திறக்கும், மாலை 5 மணிக்கு மூடிவிடுவார்கள். நகர மையத்திலிருந்து காரில் அரை மணி நேரம். ஒரு காருக்குச் சுமார் 20 டாலர் கட்டணம். உள்ளே ஹோட்டல் எதையும் எதிர்பார்க்காதீர்கள். புளியோதரையோ சப்பாத்தியோ கட்டிக்கொண்டு போவது உத்தமம். மேலே காற்று பலமாக அடிக்கும், ஆளுக்கொரு ஜாக்கெட் வேண்டும். வழுக்காத அடிப்பாகம் உள்ள ஷூ போட்டுக்கொள்ளுங்கள், செருப்பு வேண்டாம். சாலை கடற்படைத் தளத்தின் ஊடாகப் போகிறது. இருபுறமும் வரிசை வரிசையாக வெள்ளைக் கல்லறைகள் வரும். அது ரோஸ்கிரான்ஸ் படைவீரர் மயானம்.

கூட்டம் சேருவதற்குள் பழைய கலங்கரை விளக்கத்தைப் பார்த்துவிடுங்கள். 1855 நவம்பர் 15 அன்று ஏற்றப்பட்ட விளக்கு இது. கடல் மட்டத்திலிருந்து 422 அடி உயரம். இவ்வளவு உயரத்தில் வைத்தால் வெகுதூரம் தெரியும் என்று கணக்குப் போட்டார்கள். ஆனால் இந்தக் கரையின் தாழ்ந்த மேகமும் மூடுபனியும் அடிக்கடி விளக்கையே மறைத்துவிட்டன. 1891இல் அணைத்துவிட்டு, கீழே கடலோரமாக வேறொன்றைக் கட்டினார்கள். அந்த மேகம் இன்றும் மே, ஜூன் மாதங்களில் நடுப்பகல் வரைகூடக் கலையாது. அப்போது வந்தால் உங்களுக்கும் எதுவும் தெரியாது.

அடுத்தது சிலை. 1913இல் அதிபர் உட்ரோ வில்சன் அரை ஏக்கர் நிலத்தை நினைவிடமாக அறிவித்தபோது சிலை வைப்பதாகச் சொன்ன அமைப்பு கடைசி வரை வைக்கவில்லை. 1939 சான் பிரான்சிஸ்கோ கண்காட்சிக்காகப் போர்ச்சுகல் அரசு செய்து அனுப்பிய மணற்கல் சிலை ஒன்று, அங்கே நிற்காமல் ஒரு கராஜில் முடங்கி, பிறகு இங்கே வந்து சேர்ந்தது. உப்புக்காற்றில் அது அரிக்கப்பட்டதால், 1988இல் சுண்ணாம்புக்கல்லில் செய்த நகலை நிறுத்தினார்கள். நீங்கள் பார்ப்பது அதைத்தான். கப்ரியோவைப் பார்த்து வரைந்த படம் ஒன்றுகூட இல்லாததால் முகம் சிற்பியின் கற்பனை. போதாக்குறைக்கு, அவர் பிறந்தது போர்ச்சுகலில் அல்ல, ஸ்பெயினின் பால்மா டெல் ரியோவில் என்று காட்டும் ஆவணங்கள் 2015இல் வெளிவந்தன.

பக்கத்திலுள்ள காட்சிக்கூடத்தைத் தவறவிடாதீர்கள். சிலை சொல்லாததை அங்கேதான் தெரிந்துகொள்ள முடியும். கப்ரியோ குவாத்தமாலாவில் பழங்குடியினரின் அடிமை உழைப்பில் செல்வம் சேர்த்தவர். இந்தத் துறைமுகத்தில் அவர் தங்கியது ஆறே நாள். இங்கே வாழ்ந்த குமியாய் மக்கள் பெரும்பாலும் ஓடி ஒளிந்தார்கள். இரவில் மீன் பிடிக்க இறங்கிய மாலுமிகளில் மூவரை அம்பெய்து காயப்படுத்தினார்கள். உள்நாட்டில் இதே மாதிரி ஆட்கள் தங்கள் இனத்தாரைக் கொல்கிறார்கள் என்று பிறகு சைகையால் விளக்கினார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. அடுத்த ஜனவரியிலேயே, கரையில் பட்ட காயம் முற்றி, வடக்கே ஒரு தீவில் கப்ரியோ இறந்துபோனார்.

கால் வலு உள்ளவர்கள் துறைமுகப் பக்கம் இறங்கும் பேசைட் நடைபாதையில் போகலாம். போக வர சுமார் 4 கிலோமீட்டர். இறங்கும்போது சுகம், ஏறும்போது மூச்சு வாங்கும். வயதானவர்கள் மேலேயே மேற்கு நோக்கி உட்கார்ந்து கடலைப் பார்க்கட்டும். டிசம்பர் கடைசியிலிருந்து சாம்பல் திமிங்கிலங்கள் மெக்சிகோவின் பாஹா கடற்கழிகளுக்கு இந்த வழியாகத்தான் போகின்றன. தொலைநோக்கி இருந்தால், நீர் பீய்ச்சுவது தெரிகிறதா என்று தேடுங்கள். முதலில் தெரிவது அதுதான்.

வற்றத்தின் உச்சத்துக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்பே காரில் மேற்குக் கரைக்கு இறங்கிவிடுங்கள். கடல் சாமந்திகள், துறவி நண்டுகள், கடல் முயல்கள் எல்லாம் குட்டைகளில் கிடைக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் சிறு ஆக்டோபஸ்கூட. குனிந்து ஒரே இடத்தைச் சில நிமிடம் பாருங்கள், வெறும் பாறை என்று நினைத்தது நகரத் தொடங்கும். கிளிஞ்சல் உட்பட எதையும் எடுத்து வரக் கூடாது; கல்லைப் புரட்டவும் கூடாது. பாசி படிந்த பாறையில் கால் வைக்காதீர்கள். குழந்தைகளின் கையை விடாதீர்கள், அலைக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள். 4.30 மணிக்கு இந்தப் பகுதியை மூடுவார்கள் என்பதால் நேரத்தில் ஒரு கண் இருக்கட்டும். அலை பெரிதாக இருந்தால் வீம்பு பிடிக்காமல் மேலே வந்துவிடுங்கள். நுழைவுச் சீட்டு 7 நாளுக்குச் செல்லும், அதைக் காட்டி இன்னொரு பிற்பகல் வரலாம்.