இரு நதிகளின் இடையே

ஆறு சில ஊர்களை இணைக்கும். சில ஊர்களைப் பிரிக்கும். இவ்விரண்டையும் ஓரிடத்திலே காண விழைவோர், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இல்லினாய் மாநிலத்திலுள்ள கால்ஹூன் மாவட்டத்தை நோக்குதல் வேண்டும். இது 1825ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்றது.

இதன் மேற்கிலும் தெற்கிலும் மிசிசிப்பிப் பேராறு பாய்கின்றது. கிழக்கில் இல்லினாய் ஆறு ஓடுகின்றது. வடக்கே மட்டுமே நிலம் தொடர்கின்றது. ஆதலின், இம்மாவட்டம் நீண்டு ஒடுங்கிய தீபகற்பமாக விளங்குகின்றது. நடுவே குன்றுத்தொடர் ஒன்று முதுகெலும்பு போல் அமைந்துள்ளது. பண்டைப் பனியூழியில் அண்டை நிலங்களைத் தேய்த்துச் சமமாக்கிய பனிப்பாளங்கள், இக்குன்றுகளின் பெரும்பகுதியை மூடவில்லை. காற்று வாரிக் கொணர்ந்த நுண்மண் இங்குள்ள சுண்ணாம்புப் பாறைகளின்மீது படிந்தது. நீர் தேங்காத அச்சரிவுகளில் ஆப்பிளும் பீச்சும் செழித்தன. ஆற்றோரத் தாழ்நிலங்களில் மக்காச்சோளம் விளைகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவிப் படகுகளே இம்மக்களின் வண்டிகள். ஆறே அவர்தம் பெருவழி. கனிகள் பீப்பாய்களில் அடைக்கப்பெற்றுச் செயின்ட் லூயிஸ் நகரச் சந்தையை அடைந்தன. பின்னர், நாடெங்கும் இருப்புப்பாதை பரவியது. வாணிகம் ஆற்றைவிட்டு அதன்வழிச் சென்றது. கால்ஹூனுக்கோ இருப்புப்பாதை வரவேயில்லை. முன்பு வழியாய் நின்ற ஆறே பின்பு தடையாயிற்று.

1931ஆம் ஆண்டில் தலைநகராகிய ஹார்டினில் இல்லினாய் ஆற்றின்மீது பாலம் எழுந்தது. கப்பல்கள் செல்லுங்கால் அதன் நடுப்பகுதி மேலே தூக்கப்படும். காம்ப்ஸ்வில், பிரஸ்ஸல்ஸ் என்னும் ஊர்களருகே, மாநில அரசின் படகுகள் ஊர்திகளைக் கட்டணமின்றி அக்கரை சேர்க்கின்றன.

எனினும், ஆறு தன் ஆற்றலை மறப்பதில்லை. 1993ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் வயல்களும் வீடுகளும் மூழ்கின, படகுகள் நின்றன, சாலைகள் நீரில் மறைந்தன. வடக்கு நிலவழியே மக்களுக்குத் துணையாயிற்று.

1900ஆம் ஆண்டில் ஏறத்தாழ 9,000 பேர் வாழ்ந்த இம்மாவட்டத்தில், 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது 4,437 பேரே இருந்தனர். பொறிகள் வந்தபின் உழவுக்கு மிகுதியான கைகள் தேவைப்படவில்லை. இளைஞர் பலர் பிழைப்பு நாடி வெளியேறினர். ஆயினும், செயின்ட் லூயிஸ் பெருநகர் அண்மையில் இருந்தும், அதன் புறநகர்கள் இக்குன்றுகளை விழுங்கிவிடவில்லை. குளிர்காலத்தில் வெண்டலைக் கழுகுகள் இன்றும் இங்கு வந்து தங்குகின்றன. மக்களைப் பிரித்த அவ்வாறுகளே மண்ணின் இயல்பையும் காத்தன.

ஓரிடத்தின் குறையும் நிறையும் பலகால் ஒரே ஊற்றிலிருந்து பிறக்கின்றன. நிலநூல் பயில்வோர் வரைபடத்தில் ஆற்றைக் காணும்பொழுது, அதன் கரையில் வாழ்வோர் பெற்றதையும் இழந்ததையும் உடன் எண்ணுதல் வேண்டும்.